சுற்றிப் போட்ட உப்பு

இலஞ்சி,
ஜூன் 20, வெள்ளி.

அன்புள்ள அத்தானுக்கு, உமா ஆசையோடு எழுதுவது.

இங்கே மனிதர்கள் இரண்டு பேரும் சுகம். மீன்களில் ஒன்று குறைவு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீன் சமாச்சாரம் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டு கடிதத்தை ஓட்டமாகப் படிப்பீர்கள். பெண்டாட்டி எழுதியது எல்லாம் வழியில் சிந்திவிடும்.

பனிமலை மேலே ராணுவப் போஸ்ட்டுக்கு ஏறிவிட்டால் மூன்று மாதத்துக்குப் போன் கிடையாது, சாட்டிலைட் போன் கிடைத்தாலும் ஒரு நிமிஷம்தான் என்று நீங்கள் சொன்னதிலிருந்து அத்தை மொபைலை இடுப்பில் செருகிக்கொண்டே அலைகிறார்கள். குளிக்கப் போகும்போது மட்டும் என் கையில் தருகிறார்கள். ரேஷனோடு கடிதமும் மேலே வரும் என்றீர்களே, அதை நம்பித்தான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில். விடுதியில் இருக்கும் தோழிக்கு எழுதினேன், பத்துக்கு எட்டு போட்டார்கள். நீங்கள் எவ்வளவு போடுவீர்களோ.

செத்தது ஆறு கோரி மீன்களில் ஒன்று. வாலடியில் கறுப்புப் பொட்டு இருக்குமே, அது. ஜூன் 8 ஞாயிற்றுக்கிழமை காலையில் மணல் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. விரல் நீளத்தில் மீசையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மணலைக் கிளறித் திரியும் அந்த ஆறுக்கும் நீங்கள் சிப்பாய்கள் என்று பெயர் வைத்தீர்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு ஒன்றரைச் சாண் நீளத்துக்குச் சும்மா கிடக்கும் சக்கர் மீன் சுபேதார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. இப்போது சிப்பாய் ஒருவன் செத்துப்போனான் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அதனால் மீன் என்றே எழுதுகிறேன்.

என் மேல் பழி போடாதீர்கள். நோட்டில் நீங்கள் எழுதி வைத்தபடிதான் எல்லாம் செய்கிறேன். மிதக்கிற தீனி போடுவதில்லை, அடியில் போய் விழுகிற வில்லைதான் போடுகிறேன். அதுவும் தொட்டி விளக்கை அணைத்த பிறகுதான். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து குளோரின் போன பிறகே ஊற்றுகிறேன். வாரத்துக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுகிறேன். லேப்பில் ஊராருடைய ரத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கிறவளுக்கு ஏழு மீனுடைய தண்ணீரை அளக்கத் தெரியாதா? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வயசாகிப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று மதியம்தான் நீங்கள் பேஸ் கேம்ப்பிலிருந்து கூப்பிட்டீர்கள். பின்னால் வந்த வண்டி பள்ளத்தில் சரிந்ததையும், அதில் ஏற வேண்டிய நீங்கள் வாந்தி வருகிறது என்று முன் வண்டியில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததையும், ஏதோ செங்கோட்டை பஸ்ஸைத் தவறவிட்ட கதை மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அத்தை பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். தயவுசெய்து இனிமேல் இந்த மாதிரிக் கதையை ஸ்பீக்கரில் சொல்லாதீர்கள்.

போனை வைத்ததும் அத்தை நேரே தொட்டி முன்னால் போய் நின்று கும்பிட்டார்கள். ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிட்டு ஏட்டி. எம் புள்ளைக்கு வந்தத அது வாங்கிக்கிட்டுப் போயிட்டு’ என்றார்கள். இது அவர்கள் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. போன வருஷம் தங்கமீன் செத்தபோது தென்காசிக்குப் போய் சலீம் அண்ணன் கடையில் நீங்கள் சண்டைக்கு நின்றீர்களே, அன்றைக்கு அவர் சொன்னது. வீட்டில் மீன் செத்தால் வருத்தப்படக்கூடாது, வீட்டு ஆளுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கொள்ளும் என்று சொல்லித்தானே இன்னும் இரண்டு கோரியை உங்கள் தலையில் கட்டினார். நீங்கள் அன்றே மறந்துவிட்டீர்கள், அத்தை மறக்கவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அத்தை என்று சொல்லிப் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. என்ன இருந்தாலும் என் அப்பாவின் அக்கா. மாமாவும் இதே போல் பட்டாளத்தில் மேலே போனவர்தான். ஜீப்பில் நாலு பேர் வந்து வாசலில் நின்றபோது அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள் என்றும், உங்களுக்கு அப்போது ஆறு வயது என்றும் அப்பா சொல்லியிருக்கிறார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கவனிக்கிறேன், அத்தை முறத்தைத் தொடுவதே இல்லை. புடைக்கிற வேலை எல்லாம் எனக்குத்தான்.

இப்போது படுக்கையறையில் இருந்த உங்கள் யூனிஃபார்ம் போட்டோவைத் தொட்டி பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் விளக்கும் அங்கேதான் ஏற்றுகிறார்கள். சிரிக்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் உங்கள் முகம் கண்ணாடியில் தெரிகிறது, அதற்குள்ளே மீன்கள் போய் வருகின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. குற்றாலத்துக்கு வருகிற வண்டிகளில் ரோடு அடைத்துக்கொள்கிறது, லேப்புக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிறது. அருவியில் குளித்துக் காய்ச்சல் வாங்கியவர்கள் எல்லாம் எங்களிடம்தான் ரத்தம் கொடுக்க வருகிறார்கள். உங்கள் ஊரில் என்ன குளிரோ. சாக்ஸ் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். இலஞ்சிக் குமாரர் கூடவே இருப்பார்.

உங்கள் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உமா.


இலஞ்சி,
ஜூலை 13, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு,

உமா எழுதுகிறேன். முதலில் ஒரு மன்னிப்பு. ஜூலை 2ஆம் தேதி சாட்டிலைட் போனில் கிடைத்த அந்த ஒரு நிமிஷத்தில் நீங்கள் கேட்டதே இரண்டு கேள்விதான். அம்மா எப்படி இருக்கிறாள், மீன் எப்படி இருக்கிறது. இரண்டுக்கும் நல்லா இருக்கு என்றேன். இரண்டும் பொய். அன்றைக்கே இரண்டாவது கோரியும் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஐந்தாம் தேதி ஒன்று, முந்தாநாள் ஒன்று. ஆறில் இப்போது இரண்டுதான் மிச்சம், கூடச் சுபேதார்.

ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் போனது. முதலில் உடம்பில் பிசுபிசுவென்று வெள்ளையாக ஏதோ படியும். அப்புறம் அடியில் இருக்கப் பிடிக்காமல் விறுவிறுவென்று மேலே ஏறிக் காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். எப்போதாவது ஒன்று அப்படிச் செய்வது வழக்கம்தான் என்று நோட்டில் இருக்கிறது. ஆனால் இவை நிமிஷத்துக்கு ஒருதரம் ஏறி இறங்கின. மீசை கரைந்து முளை போல ஆகிவிட்டது. மீசை இல்லாவிட்டால் மணலில் தீனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வில்லைக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நான் மோர்ச்சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

அம்மோனியா பார்த்தேன், இல்லை. சாரல் குளிரோ என்று ஹீட்டர் போட்டேன். காற்றில் கிளை விழுந்து கரண்ட் போகிற நேரமெல்லாம் பம்ப்புக்குப் பேட்டரி மாட்டினேன். தீனியை மாற்றினேன். ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தேன், அது எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. லேப்பில் இப்படி ஒரு கேஸ் வந்தால் சாம்பிளில் யாரோ எதையோ கலந்திருக்கிறார்கள் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். வீடு என்பதால் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

நேற்றுத் தண்ணீர் மாற்ற டியூபை வாயில் வைத்து உறிஞ்சினேன். எப்போதும் வாய்க்கு வருவதற்குள் எடுத்துவிடுவேன், நேற்றுத் தவறி ஒரு வாய் உள்ளே வந்துவிட்டது. உப்புக் கரித்தது, அத்தான். ரசத்துக்குப் போடுகிற அளவுக்குக் கரித்தது.

உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்களே, மற்ற மீனுக்கு உப்பு மருந்து, இந்த ஜாதிக்கு உப்பு விஷம் என்று. நான் உப்பு ஜாடியைத் தொட்டி இருக்கிற அறைக்குக் கொண்டுவந்ததே கிடையாது. அடுப்படியில் போய்ப் பார்த்தேன். போன மாசம் வாங்கிய கல் உப்பில் பாதிக்கு மேல் காணோம்.

அத்தையிடம் கேட்டேன். ஒளிக்கவே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் நான் லேப்பிலிருந்து வருவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி உப்பை எடுத்து உங்கள் போட்டோவை மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரில் போடுகிறார்களாம். உப்புக் கரைகிற மாதிரி கண்ணேறு கரைய வேண்டும் என்று எல்லார் வீட்டிலும் செய்கிறதுதானே. எனக்குப் பரீட்சைக் காய்ச்சல் வரும்போது அம்மாவும் செய்திருக்கிறாள். ஆனால் அம்மா செம்புத் தண்ணீரில் போட்டு வாசலில் கொட்டுவாள். அத்தை தொட்டித் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். செம்புத் தண்ணீரில் போட்டால் வெறும் தண்ணீர், இதில் போட்டால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதாம்.

உப்புத்தான் அத்தை இதுகளைக் கொல்லுகிறது, கண்ணேறும் இல்லை கண்டமும் இல்லை என்று நான் கத்திவிட்டேன். அவர்கள் கத்தவில்லை. ‘எனக்குத் தெரியும்ட்டி. ரெண்டாவது சாவும்போதே தெரிஞ்சுபோச்சு. செத்தாத்தானே எடுத்துக்கிட்டுன்னு அர்த்தம். மாடனுக்குக் கிடா வெட்டுதோமே, அது உசுரு இல்லையா? மீனு செத்துச்சு, அவன் போன் பண்ணுதான். நீ கணக்குப் படிச்சவதான, நீயே பாத்துக்கோ’ என்றார்கள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லுகிற குரலில் சொன்னார்கள்.

இரண்டு கோரியையும் சுபேதாரையும் மூடி போட்ட வாளியில் விட்டு ஆட்டோ பிடித்து நேரே சலீம் அண்ணன் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். நீங்கள் வருகிற வரைக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். மனிதருக்கு முகம் செத்துவிட்டது. ‘வியாபாரத்துக்கு எல்லாக் கடையிலயும் சொல்லுததும்மா அது. செத்த மீனுக்கு ஒரு ஆறுதல் சொல்லலன்னா அடுத்த மீன் வாங்க மாட்டாங்க. ஆச்சி இதப் போயி இப்படிப் பிடிச்சுக்கிடுவாங்கன்னு அல்லா சத்தியமா நினைக்கல’ என்றார். வந்து அத்தையிடம் அதையே சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்றார், இன்னும் வரவில்லை.

உப்புத் தண்ணீர் முழுவதையும் மாற்றிவிட்டேன். வீட்டில் தொட்டி மீன் இல்லாமல் காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பம்ப்பை நிறுத்தப் போனேன், அத்தை விடவில்லை. குமிழி மட்டும் வந்துகொண்டிருக்கிறது. அத்தை என்னோடு பேசுகிறார்கள், சோறு போடுகிறார்கள், தலைக்கு எண்ணெய்கூட வைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை உப்புச் சுற்றாமல் தப்பிப்போய் ஏதாவது ஒன்று என்றால் நான்தான் காரணம் என்று அவர்கள் நினைப்பது அந்த விரல்களில் தெரிகிறது.

நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். நீங்கள் உங்கள் கையால் அத்தைக்கு நாலு வரி எழுதுங்கள். மீனால் இல்லை, நான் ஜாக்கிரதையாக இருப்பதால்தான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுங்கள். எழுதிவிட்டு அப்படியே ஜாக்கிரதையாகவும் இருங்கள்.

உங்கள்
உமா.


இலஞ்சி,
ஆகஸ்ட் 6, புதன்.

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிவியில் சொன்னார்கள். வடக்கே எல்லையில் பனிச்சரிவு, ஒரு போஸ்ட் மூடிப்போனது, மூன்று வீரர்களைக் காணவில்லை. பெயரைக் குடும்பத்துக்குத் தெரிவித்த பிறகு வெளியிடுவார்களாம். அவ்வளவுதான், அடுத்து குற்றாலத்தில் வெள்ளம், மெயினருவியில் குளிக்கத் தடை என்று போய்விட்டார்கள். நீங்கள் இருக்கிற இடம் அதுதானா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நீங்கள்தான் இடத்தின் பெயரைச் சொன்னதே இல்லையே. கடைசியாக உங்கள் குரலைக் கேட்டது ஜூலை 2.

நீங்கள் எழுதிவைத்த பேஸ் கேம்ப் நம்பருக்கு அன்று ராத்திரி முழுக்க அடித்தேன். மறுநாள் யாரோ எடுத்து இந்தியில் வேகமாக ஏதோ சொன்னார். நெட்வொர்க் என்பதும், பொறுங்கள் என்பதும் மட்டும் புரிந்தது. பெயரைச் சொன்னேன், பாண்டிராஜ், பாண்டிராஜ் என்று நாலு தரம் சொன்னேன். லைன் போய்விட்டது.

அடுத்த தெரு குத்தாலிங்கம் அண்ணாச்சியிடம் போனேன். பட்டாளத்தில் இருந்து வந்தவர், அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். ‘அப்படி ஏதாச்சும்னா போன் வராதும்மா, ஆளுதான் வரும். ஒருத்தரும் வரலல்லா, அப்ப நல்லா இருக்கான்னு அர்த்தம்’ என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதிலிருந்து தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அத்தையும் நானும் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்கிறோம்.

வியாழக்கிழமை ஒரு ஜீப் வந்தது. நம் வாசலில் வந்து நின்றது. கதவு திறந்து இரண்டு ஆண்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. அத்தை எழுந்திருக்கப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் போய்க் கதவைத் திறந்தேன். மதுரைப் பக்கத்து ஆட்கள், தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். மெயினருவியில் தடையாம், ஐந்தருவிக்கு எப்படிப் போகணும் என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து போய்வருகிற வழி, எனக்குக் கை தூக்கிக் காட்ட வரவில்லை. அவர்களே என்னைப் பார்த்துப் பயந்துபோய் வண்டியை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அத்தை சாப்பிடவில்லை. காலித் தொட்டிக்கு முன்னால் உங்கள் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒரே ஒரு தரம், ‘தொட்டி காலியா இருக்கே உமா, இனி வந்தா எது வாங்கும்?’ என்று கேட்டார்கள். பைத்தியம் மாதிரிப் பேசாதீர்கள் என்று நான்தான் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை லேப்பில் ஒருவருடைய சாம்பிளில் இன்னொருவர் பெயரை எழுதினேன். நல்லவேளை, கூட இருந்த பெண் பார்த்துவிட்டாள். வீட்டுக்குப் போ என்று முதலாளி அனுப்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் நடந்தேன், அத்தான். சத்தியமாக அங்கேதான் நடந்தேன். ஆனால் போய் நின்றது சலீம் அண்ணன் கடையில்.

கோரி இரண்டுக்கும் மீசை திரும்ப வளர ஆரம்பித்திருந்தது. அவர் அதைக் காட்டத்தான் ஆசைப்பட்டார். வீட்டில் எல்லாம் சரியாயிட்டா, ஆச்சி மனசு மாறிட்டாங்களா என்று சந்தோஷமாகக் கேட்டார். சரியாகிவிட்டது அண்ணே என்றேன். அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது. சுபேதாருக்கு ஒரு பெரிய வாளியும் கொடுத்து, பத்திரம், ஆடாமல் கொண்டுபோங்க என்று ஆட்டோ வரைக்கும் தூக்கிவந்து வைத்தார்.

தொட்டியில் விட்டதும் இரண்டும் நேரே அடிக்குப் போய் மணலைக் கிளற ஆரம்பித்தன. சொந்த இடம் என்று தெரிந்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் அடுப்படிக்குப் போனேன்.

கைப்பிடி இல்லை. ஒரு கிலோ பாக்கெட், பிரிக்காதது. எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை கிராம் என்று அத்தைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். விளக்கேற்றியிருந்தது. உங்கள் போட்டோவைச் சுற்ற நின்றபோது அடுப்படி நிலையில் அத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்து போட்டோவை நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று சுற்றுச் சுற்றினேன். எடுத்துக்கோ, எடுத்துக்கோ என்று என் வாய் சொன்னது எனக்கே கேட்டது. மூன்று வருஷத்தில் நானும் அத்தையும் அன்றைக்குப் போல ஒத்துப்போனதே கிடையாது.

கொஞ்ச நேரத்தில் கோரிகள் மேலே ஏறி ஏறி இறங்கத் தொடங்கின. வலை பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. எடுக்க எவ்வளவு நேரமாகும்? நான் எடுக்கவில்லை. சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒவ்வொன்று போகும்போதும் எனக்கு மனசு லேசானது. அந்த இரண்டு நாளும் நன்றாகச் சாப்பிட்டேன். இனி உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அவ்வளவு உறுதியாக இருந்தது.

திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது.

என் முதல் கடிதத்துக்குப் பதில். பத்துக்கு ஒன்பது போட்டிருந்தீர்கள். ஒன்று போனால் என்ன, ஐந்து இருக்கிறதே, அழாதே என்று எழுதியிருந்தீர்கள். மேலே எங்கு பார்த்தாலும் வெள்ளை, கண் கூசி வலிக்கிறது, அப்போது கண்ணை மூடிக்கொண்டு நம் தொட்டியின் அடி மணலையும் அதில் மீசையை ஆட்டிக்கொண்டு போகிற ஐந்து பேரையும் நினைத்துக்கொள்வேன், உடனே சூடாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். கூட இருக்கிற பையன்களுக்குச் சுபேதாரைப் பற்றி நிறையக் கதை விட்டிருக்கிறீர்களாம், போட்டோ எடுத்து வைக்கச் சொல்லியிருந்தீர்கள்.

படித்த கையோடு தொட்டிக்கு ஓடினேன். சுபேதார் இன்னும் இருந்தது, அடியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து. செவுள் மட்டும் அசைந்தது. நல்ல தண்ணீர் வாளியில் மாற்றினேன். மணிக்கொரு தரம் மாற்றினேன். பம்ப்பைக் கொண்டுபோய் அதில் வைத்தேன். அதன் முதுகைக் கையில் தாங்கிக்கொண்டு, வேண்டாம், நீ எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நீ சும்மா இரு என்று கெஞ்சினேன். நேற்று மத்தியானம் போய்விட்டது.

அத்தை கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ‘பாத்தியா, ரெண்டு போனதும் கடிதாசி வந்துட்டு. எம் புள்ள நல்லா இருக்கான்’ என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்கள். ஐந்து நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் சாதம் சாப்பிட்டார்கள்.

கடிதத்தின் மேலே நீங்கள் போட்டிருந்த தேதி ஜூலை 14. பனி சரிந்தது அதற்குப் பதினைந்து நாள் கழித்து. அத்தை தேதி பார்க்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

இன்று காலையில் சலீம் கடையில் போய் ஆறு புதுசாக வாங்கிவரச் சொன்னார்கள். நான் தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்து, மணலை அள்ளி, வெயிலில் கவிழ்த்துப் போட்டுவிட்டேன். அத்தை இன்னும் பின்வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அழுகிறார்களா என்று தெரியவில்லை. பக்கத்தில் போகப் பயமாக இருக்கிறது. அவர்களைப் பார்த்துப் பயம் இல்லை. ஆறு போதுமா அத்தை என்று நானே கேட்டுவிடுவேனோ என்று பயம்.

என்னைத் திட்டி எழுதுங்கள். பக்கம் பக்கமாகத் திட்டுங்கள், ஒரு வரி திட்டினாலும் போதும், மேலே தேதி போட்டு எழுதுங்கள். மன்னிக்கவே வேண்டாம்.

இனி உங்களுக்குப் பதிலாகப் போவதற்கு இந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை, அத்தான். வருவது எதுவானாலும் நேராக உங்களிடம்தான் வரும். பார்த்து நடங்கள். பார்த்து, பத்திரமாக, வந்து சேருங்கள்.

உங்கள்
உமா.